கோம்பை நாய்க்கு இனி என்ன வேலை? பெருகும் நாய்ப் பயிற்சி கிளப்களும் போடி மலைச்சரிவும்

2020 ஆகஸ்ட் 6, இரவு. மூணாறுக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் தூங்கிக்கொண்டிருந்த லயன் வீடுகளை மூடியது. 70 பேர் பலியானார்கள். பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். மீட்புப் படையினர் நாள்கணக்கில் தேடியும் கிடைக்காத இரண்டு வயதுக் குழந்தையின் உடலை, ஒரு வாரம் கழித்து ஆற்றோரத்தில் மோப்பம் பிடித்துக் காட்டிக்கொடுத்தது அந்த வீட்டில் வளர்ந்த நாய். பெயர் குவி.

குவிக்கு வம்சாவளிச் சான்றிதழ் கிடையாது. ஒரு நாள் பயிற்சிகூடக் கிடையாது. அதன் பிறகுதான் இடுக்கி மாவட்ட போலீஸ் மோப்ப நாய்ப் பிரிவு அதை எடுத்துப் பழக்கியது. பின்னர் அந்தக் குடும்பத்தில் உயிர் தப்பிய பாட்டியிடமே குவி திரும்பி வந்து சேர்ந்தது.

அதே மாதத்தில் நாய்கள் பற்றி இன்னும் இரண்டு செய்திகள் வந்தன. சுதந்திர தினத்தையொட்டி சோஃபி, விடா என்ற இரண்டு ராணுவ நாய்களுக்குத் தரைப்படைத் தளபதியின் பாராட்டு அட்டை கிடைத்தது. ஆகஸ்ட் 30-ஆம் தேதி 'மன் கி பாத்' உரையில் பிரதமர் மோடி இந்திய நாய் இனங்களை வளர்க்கச் சொன்னார். ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என நான்கு தமிழ்நாட்டு இனங்களின் பெயர் அதில் வந்தது. சி.ஆர்.பி.எஃப். கோம்பை நாய்களைச் சேர்த்துக்கொண்டதையும் அவர் குறிப்பிட்டார்.

அந்தக் கோம்பை எங்கே இருக்கிறது தெரியுமா? போடிநாயக்கனூரிலிருந்து தெற்கே தேவாரம், அப்புறம் இளையராஜா பிறந்த பண்ணைப்புரம், அதைத் தாண்டினால் கோம்பை. உத்தமபாளையம் போகும் வழியில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம். போடியிலிருந்து வடமேற்கே சுமார் 16 கி.மீ. ஏறினால் குரங்கணி. ஒரே மலைச்சுவரின் இரண்டு வாசல்கள் மாதிரி.

சென்னை, கோவை, பெங்களூரு என்று நகரங்களைச் சுற்றி நாய்ப் பயிற்சி மையங்களும் 'கேனைன் ஸ்போர்ட்ஸ்' கிளப்களும் பெருகிக்கொண்டிருக்கின்றன. அங்கே ஓடுவதும் தாண்டுவதும் பெரும்பாலும் வெளிநாட்டு இனங்கள். இந்த மலையடிவாரத்தில் பிறந்த நாய்க்கு அந்த வளர்ச்சியில் இடம் உண்டா? இந்தக் கட்டுரை அலசுவது அதைத்தான்.

கோம்பை நாய் எதற்காக உருவானது?

செவலை உடம்பு, கருத்த மூஞ்சி, அகன்ற நெஞ்சு. சிப்பிப்பாறையும் கன்னியும் ஒல்லியான ஓட்டக்கார நாய்கள். கண்ணால் பார்த்து, துரத்தி, முயலைப் பிடிக்கும் ரகம். கோம்பையின் உடல்வாகு வேறு. காட்டுப்பன்றி போன்ற பெரிய மிருகத்தை மறித்து நிறுத்தவும், தோட்டத்தையும் மாட்டுப்பட்டியையும் காவல் காக்கவும் வளர்க்கப்பட்ட நாய் அது.

கண்காட்சியில் அழகு பார்க்க இந்த இனம் உருவாக்கப்படவில்லை. எந்த நாய் காட்டில் தைரியமாக நின்றதோ, எஜமான் சொல்லுக்குத் திரும்பி வந்ததோ, அதன் குட்டியைத்தான் ஊர்க்காரர்கள் கேட்டு வாங்கினார்கள். அதாவது, வேலைதான் இனத்தை வடிகட்டியது.

அந்த வேலை எப்போ போச்சு?

1972-ல். அந்த ஆண்டு வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் குற்றமாக்கியது. அது வந்திராவிட்டால் மேகமலையிலும் குரங்கணிக் காட்டிலும் இன்றைக்கு என்ன மிச்சம் இருந்திருக்கும் என்பது சந்தேகம். ஆகவே சட்டம் சரியா, தப்பா என்பது இங்கே கேள்வி இல்லை.

ஆனால் வேட்டை நாய் வளர்த்தவர்களுக்கு அதன் பிறகு இரண்டு வழிகள்தான் இருந்தன. ஒன்று, நாயை வாசலில் செயின் போட்டுக் கட்டிக் காவலுக்கு மட்டும் வைத்துக்கொள்வது. இன்னொன்று, திருட்டுத்தனமாக வேட்டைக்குப் போவது. நாய்களோடு முயல் வேட்டைக்குப் போய் வனத்துறையிடம் சிக்கி அபராதம் கட்டும் செய்திகள் தென்மாவட்டங்களில் இன்றும் வருகின்றன. 'பரியேறும் பெருமாள்' (2018) பார்த்தவர்களுக்குக் கருப்பியை மறக்க முடியாது. வேட்டை நாய்க்கும் அதை வளர்ப்பவருக்கும் உள்ள உறவு எவ்வளவு ஆழமானது என்பதைக் காட்டிய படம் அது.

வேலை இல்லாத நாயைத் தேர்ந்தெடுத்து வளர்க்க யாருக்கும் அக்கறை இருக்காது. கலப்பு கூடும். 'கோம்பை' என்ற பெயரில் செவலை நிறம் மட்டும் மிஞ்சும். அரசு அங்கீகாரத்தையே பாருங்கள். 2005-ல் அஞ்சல் துறை நாய் இனங்களுக்கு நான்கு அஞ்சல்தலைகள் வெளியிட்டது. அதில் தமிழ்நாட்டுக்கு ராஜபாளையம் இடம்பிடித்தது. 2020-ல் தேசிய விலங்கு மரபு வளப் பணியகம் முதன்முதலாக மூன்று நாய் இனங்களைப் பதிவு செய்தது: ராஜபாளையம், சிப்பிப்பாறை, கர்நாடகத்தின் முதோல். இரண்டு பட்டியலிலும் கோம்பை இல்லை.

நாய் கிளப்கள் எங்கிருந்து வந்தன?

இந்தியாவில் நாய்களைப் பதிவு செய்து வம்சாவளிச் சான்றிதழ் தரும் கென்னல் கிளப் ஆஃப் இந்தியா, பிரிட்டிஷ் காலத்தில் உருவான அமைப்பு. இப்போது தலைமையகம் சென்னை. மெட்ராஸ் கேனைன் கிளப் பல பத்தாண்டுகளாகச் சென்னையில் நாய்க் கண்காட்சி நடத்துகிறது. கோடை சீசனில் ஊட்டியில் நடக்கும் நாய்க் கண்காட்சியும் பழைய வழக்கம்.

இவையெல்லாம் தொடங்கியபோது கண்காட்சிதான் மையம். வெள்ளைக்கார அதிகாரிகள், ஜமீன்தார்கள், எஸ்டேட் முதலாளிகள் கொண்டுவந்த வெளிநாட்டு இனங்களுக்குத்தான் மரியாதை. எழுத்தாளரும் இயற்கை ஆர்வலருமான சு.தியடோர் பாஸ்கரன் 2017-ல் வந்த 'தி புக் ஆஃப் இந்தியன் டாக்ஸ்' நூலில் இந்திய இனங்களின் வரலாற்றையும், அவை காலனி ஆட்சிக் காலத்திலிருந்து ஓரங்கட்டப்பட்ட விதத்தையும் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்.

கண்காட்சி வேறு, விளையாட்டு வேறு. கண்காட்சியில் நாயின் உடலமைப்புக்கு மார்க். விளையாட்டில் நாய் என்ன செய்கிறது என்பதற்கு மார்க். இந்த இரண்டாவது வகைதான் இப்போது வேகமாக வளர்வது.

கேனைன் ஸ்போர்ட்ஸ்னா என்ன?

சுருக்கமாக, முக்கியமான நான்கு வகைகள்:

கீழ்ப்படிதல்: உட்கார், நில், கூடவே நட, கூப்பிட்டால் வா. கேட்க எளிது. சுற்றிலும் நூறு பேர், இருபது நாய்கள் இருக்கும்போது செய்யவைப்பதுதான் கஷ்டம். 1930-களில் அமெரிக்காவில் பூடில் நாய் வளர்த்த ஒரு பெண், தன் நாய்கள் வெறும் அலங்காரப் பொம்மைகள் இல்லை என்று நிரூபிக்கத் தொடங்கிய போட்டி இது.

அஜிலிட்டி: தடை தாண்டுதல், குழாய்க்குள் நுழைந்து வெளிவருதல், கம்பங்களுக்கு நடுவே வளைந்து ஓடுதல். 1978-ல் லண்டனில் நடந்த க்ரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், இடைவேளையில் கூட்டத்தை உட்கார வைக்க, குதிரைகளின் தடை தாண்டும் போட்டியைப் பார்த்து உருவாக்கிய வேடிக்கை நிகழ்ச்சி. இன்று உலக சாம்பியன்ஷிப் வரை வளர்ந்துவிட்டது.

மோப்பப் போட்டி: ஒளித்துவைத்த வாசனையைக் கண்டுபிடிப்பது. போலீஸ் மோப்ப நாய்களைப் பழக்கியவர்கள், 2000-களில் கலிஃபோர்னியாவில் வீட்டு நாய்களுக்காகத் தொடங்கியது. வெடிமருந்துக்குப் பதில் கிராம்பு எண்ணெய் போன்ற வாசனைகளைப் பயன்படுத்துகிறார்கள்.

லூர் கோர்சிங்: உயிருள்ள முயலுக்குப் பதிலாக, கயிற்றில் கட்டிய பிளாஸ்டிக் துணுக்கை மோட்டார் இழுத்துக்கொண்டு ஓடும். முயல் மாதிரியே சடக்கென்று திரும்பும். நாய்கள் துரத்தும்.

இந்தக் கடைசி விளையாட்டின் பின்னணி நமக்கு முக்கியம். திறந்தவெளியில் உயிருள்ள முயலை விரட்டும் பந்தயங்களில் நாய்கள் முள்வேலியில் மாட்டிக் காயப்பட்டன. முயலும் செத்தது. அதற்கு மாற்றாக கலிஃபோர்னியாவின் வேட்டை நாய் வளர்ப்பவர்கள் செயற்கை முயலை உருவாக்கினார்கள். இதற்கான அமெரிக்கச் சங்கம் தொடங்கிய ஆண்டு 1972. இந்தியாவில் வேட்டைத் தடைச் சட்டம் வந்த அதே ஆண்டு.

அங்கே வேட்டை நாய்க்கு ரத்தமில்லாத ஒரு வேலை கிடைத்தது. இங்கே கிடைத்தது செயின்.

இப்போ ஏன் திடீர்னு கூட்டம்?

முதல் காரணம், வீடு சுருங்கியது. தோட்டத்தில் அவிழ்த்துவிட்டு வளர்த்த காலத்தில் நாய்க்குத் தனியாகப் பயிற்சி தேவைப்படவில்லை. நாள் முழுக்க நடமாட்டம் இருந்தது. மூன்றாவது மாடி ஃப்ளாட்டில் அந்தச் சக்தி முழுக்க சோபாவைக் கடிப்பதில்தான் போகும். கொரோனா ஊரடங்கில் நாய் வாங்கிய பலர், அலுவலகம் திறந்த பிறகுதான் இந்தப் பிரச்சினையைச் சந்தித்தார்கள்.

இரண்டாவது காரணம் பயம். 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. அதற்கு இரண்டு மாதம் முன்பு, மார்ச் 2024-ல், 'ஆக்ரோஷமான' 23 இன நாய்களின் விற்பனையையும் இனப்பெருக்கத்தையும் தடுக்கச் சொல்லி மத்திய அரசு மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. சம்பந்தப்பட்டவர்களிடம் கருத்துக் கேட்கவில்லை என்பது உட்பட பல காரணங்களைச் சொல்லி, ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

இனத்தைத் தடை செய்வது போதுமா, வளர்ப்பவரைப் பொறுப்பாக்க வேண்டுமா என்ற விவாதம் அதிலிருந்து ஓயவில்லை. எந்தப் பக்கம் நின்றாலும், 'என் நாய் யாரையும் கடிக்காது' என்று வாயால் சொன்னால் போதாது என்ற நிலை வந்துவிட்டது. பயிற்சி மையத்துக்குக் கூட்டம் சேர்வதில் இதற்கும் பங்கு உண்டு.

மூன்றாவது, ரீல்ஸ். தடை தாண்டும் நாயின் 20 விநாடி வீடியோவுக்கு இருக்கும் ஈர்ப்பு, 'உட்கார்' சொல்லிக்கொடுக்கும் இரண்டு மாத உழைப்புக்குக் கிடையாது. ஆனால் அந்த வீடியோவைப் பார்த்துத்தான் பலர் உள்ளே வருகிறார்கள்.

கிளப்ல பயிற்சி யாருக்கு? நாய்க்கா, ஆளுக்கா?

இரண்டு பேருக்கும். சொல்லப்போனால் ஆளுக்குத்தான் அதிகம்.

மூன்று வாரத்திலிருந்து சுமார் 14 வாரம் வரை ஒரு குட்டி உலகத்தைப் பழகும் காலம். குழந்தைகள், பைக் சத்தம், குடை, மற்ற நாய்கள் எல்லாவற்றையும் அது பயமில்லாமல் ஏற்றுக்கொள்ளப் பழகுவது அப்போதுதான். 2017-ல் வந்த மத்திய அரசின் நாய் இனப்பெருக்க விதிகளின்படி எட்டு வாரத்துக்கு முன் குட்டியை விற்கக் கூடாது. கணக்குப் போட்டால், வாங்குபவரின் கையில் இருப்பது சுமார் ஆறு வாரம். அந்த ஆறு வாரத்தில் குட்டியைக் கூண்டிலோ செயினிலோ வைத்தால், பிறகு வரும் கடியிலும் உறுமலிலும் பாதிக்கு விதை அங்கேயே விழுந்துவிடும்.

பயிற்சி முறையும் மாறிவிட்டது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் உருவான ராணுவ, போலீஸ் நாய்ப் பயிற்சிகளில் தண்டனை பெரிய ஆயுதம். கழுத்து செயினைச் சுண்டி இழுப்பது அதன் மிச்சம். இப்போது விலங்கு நடத்தை நிபுணர்கள் பரிந்துரைப்பது, சரியாகச் செய்தால் உடனே பரிசு தரும் முறை. ஒரு துண்டு கோழி ஈரல், ஒரு பந்து, ஒரு தட்டிக்கொடுப்பு. வலிக்குப் பயந்து அடங்கும் நாய், வலி தருபவர் இல்லாத இடத்தில் அடங்காது என்பதுதான் இதன் தர்க்கம்.

நாட்டு நாயைப் பழக்கவே முடியாதுன்னு சொல்றாங்களே?

'நாட்டு நாய் சொன்ன பேச்சு கேட்காது' என்ற பேச்சு நாய் வளர்ப்பவர்களிடையே சகஜம். இதில் பாதி உண்மை, பாதி பழக்கம்.

ஜெர்மன் ஷெப்பர்டுக்கு 1899-லேயே தனிச் சங்கம் வந்துவிட்டது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக, மனிதனின் சொல்லைக் கவனித்து உடனே செயல்படும் நாய்களையே பொறுக்கிப் பொறுக்கி இனப்பெருக்கம் செய்தார்கள். நம்மூர் வேட்டை நாய் அப்படி இல்லை. எஜமான் பின்னால் எங்கோ ஓடிவர, முன்னால் போன நாய் தானே முடிவெடுக்க வேண்டும். சுயமாக முடிவெடுக்கும் நாய்க்கு, ஒரே கட்டளையை 40 தடவை திரும்பச் செய்யச் சொன்னால் சலிப்புதான் வரும். அதை 'மந்தம்' என்று படித்துவிடுகிறோம்.

மீரட்டில் உள்ள ராணுவக் கால்நடைப் படைப் பிரிவு முதோல் நாய்களைப் பழக்கியது. சி.ஆர்.பி.எஃப்.க்குக் கோம்பை போனது. இவை நாட்டு இனத்தால் முடியும் என்பதற்கான சான்றுகள். ஆனால் படைப்பிரிவில் ஒரு நாய்க்கு ஒரு ஆள், நாள் முழுக்க அதே வேலை. அந்த முடிவை அப்படியே வீட்டுக்கு எதிர்பார்க்க முடியாது. வீட்டுக்கும் படைக்கும் நடுவில் இருக்கும் இடத்தைத்தான் கிளப் நிரப்ப முடியும்.

போடிச் சரிவில் இதைச் செய்ய முடியுமா?

முதலில் தேவையைப் பார்ப்போம். குரங்கணி, கொட்டகுடி, முதுவாக்குடி பக்கமும் மேலே ஏலத்தோட்டங்களிலும் நாய் என்பது பொழுதுபோக்கு இல்லை. இரவில் பன்றி வந்தால் குரைத்து எழுப்புவது அதுதான். 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்த முறைப்படி, காப்புக்காட்டிலிருந்து ஒரு கி.மீ. வரை காட்டுப்பன்றியைப் பிடிக்கவோ சுடவோ முடியாது. ஒன்றிலிருந்து மூன்று கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடலாம். அதற்கு அப்பால்தான் வனத்துறை சுட முடியும். மலைச்சரிவில் பெரும்பாலான தோட்டம் காட்டை ஒட்டியே கிடக்கிறது. ஆக, அங்கே விவசாயிக்கு மிஞ்சுவது வேலி, வெளிச்சம், நாயின் குரல்.

அந்தக் குரைப்புக்குக்கூடப் பயிற்சி வேண்டும். பன்றியைப் பார்த்துக் குரைக்க வேண்டும், பின்னாலேயே காட்டுக்குள் ஓடக் கூடாது. கூப்பிட்டால் திரும்ப வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் மலையேற வருபவர்களையும் விரட்டக் கூடாது. 'வா' என்ற ஒரே சொல்லுக்கு ஒழுங்காகத் திரும்பும் நாய், வேட்டை வழக்கில் மாட்டாமல் எஜமானையும் காப்பாற்றும்.

எந்த விளையாட்டு பொருந்தும்? அஜிலிட்டிக்கும் லூர் கோர்சிங்குக்கும் சமதளம் வேண்டும். சரிவில் அது கிடைப்பது கஷ்டம். ஆனால் போடி, தேவாரம், உத்தமபாளையம் பக்கம் சமவெளி உண்டு. மோப்பப் போட்டிக்கு அதுவும் தேவையில்லை. நாலு அட்டைப்பெட்டி, கொஞ்சம் கிராம்பு, ஒரு முற்றம் போதும். ஏலக்காய் ஏலம் நடக்கும் ஊரில் வாசனைப் பொருளுக்கா பஞ்சம்?

தடைகளும் சின்னவை இல்லை. பயிற்சியாளர்கள் இருப்பது நகரத்தில். கட்டணமும் நகரக் கணக்கில். நாள் கூலிக்குப் போகும் தோட்டத் தொழிலாளியால் வார இறுதியில் மதுரைக்கு நாயைக் கூட்டிக்கொண்டு போக முடியாது. கிளப் என்றாலே கார் வைத்திருப்பவர்களின் இடம் என்ற பழைய கதை இங்கேயும் திரும்பினால், நாயைப் பல தலைமுறைகளாக வளர்த்தவர்கள் வெளியே நிற்பார்கள். நாயின் பெயர் மட்டும் உள்ளே போகும்.

இதுல ஆபத்து என்ன?

மூன்று.

குட்டி வியாபாரம்: ஒரு இனத்துக்குப் புகழ் வந்தால் முதலில் ஏறுவது குட்டியின் விலை. பெட்டை நாயை ஓய்வில்லாமல் ஈன வைப்பதும், செவலை நிறக் குட்டியெல்லாம் 'ஒரிஜினல் கோம்பை' ஆவதும் அப்போதுதான். 2017 விதிகளின்படி இனப்பெருக்கம் செய்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 18 மாதம் நிரம்பாத பெட்டையை இனச்சேர்க்கைக்கு விடக் கூடாது. தமிழ்நாடு அரசும் 2024-ல் நாய் இனப்பெருக்கக் கொள்கை ஒன்றை வெளியிட்டு, கோம்பை உட்பட உள்ளூர் இனங்களைக் காப்பது பற்றிப் பேசியது. காகிதத்தில் விதி இருக்கிறது. வாங்குபவர் பதிவு எண் கேட்கும்போதுதான் அது உயிர் பெறும்.

விளையாட்டு என்ற போர்வை: 'ரேஸ்', 'திறமைப் போட்டி' என்ற பெயரில் உயிருள்ள முயலை விடுவதும், நாய்களை மோதவிடுவதும் விளையாட்டு ஆகாது. விலங்குகளைச் சண்டைக்கு ஏவுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முயலை விட்டால் 1972 சட்டமும் சேரும். 'ஜல்லிக்கட்டு இல்லையா?' என்று சிலர் கேட்கலாம். ஜல்லிக்கட்டுக்கு 2017-ல் தனியாகச் சட்டத் திருத்தம் வந்தது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நாய்ப் பந்தயத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. நாட்டு இனத்தைக் காக்க வேண்டும் என்ற வாதம் இரண்டுக்கும் பொது என்றாலும், செயற்கை முயல் என்ற மாற்று கையில் இருக்கும்போது ரத்தத்துக்கு நியாயம் சொல்ல முடியாது.

காட்டுக்குப் போகும் நோய்: இதைப் பலரும் யோசிப்பதில்லை. 2018-ல் குஜராத்தின் கிர் காட்டில் 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் செத்தன. பரிசோதனையில் கேனைன் டிஸ்டெம்பர் வைரஸ் இருப்பது உறுதியானது. நாய்களுக்கு வரும் நோய் அது. 1994-ல் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டியில் சுமார் ஆயிரம் சிங்கங்களைக் கொன்றதும் அதே நோய்தான். தேனி மாவட்டத்தின் மறுபக்கத்தில் 2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் இருக்கிறது. செந்நாய்களுக்கும் இந்த நோய் வரும். வெளியூர் நாய்கள் கூடும் ஒரு போட்டியை மலையடிவாரத்தில் நடத்தினால், வெறிநோய் ஊசியோடு டிஸ்டெம்பர் தடுப்பூசிச் சான்றும் இல்லாத நாயை வாசலிலேயே திருப்பி அனுப்ப வேண்டும்.

குரங்கணி ஏற்கெனவே கற்ற பாடம்

ஒரு பொழுதுபோக்கு, விதிமுறைகளைவிட வேகமாக வளர்ந்தால் என்ன ஆகும் என்பது குரங்கணிக்குத் தெரியும். 2018 மார்ச் 11 அன்று இந்தச் சரிவில் பிடித்த காட்டுத்தீயில் சிக்கி, மலையேற வந்தவர்களில் 23 பேர் இறந்தார்கள். ஐ.டி. ஊழியர்கள், கல்லூரி மாணவர்கள் என்று பெரும்பாலும் இளம் வயதுக்காரர்கள். வார இறுதி மலையேற்றக் குழுக்கள் நகரங்களில் வேகமாக வளர்ந்திருந்தன. யார் அழைத்துப் போகலாம், எந்தப் பாதையில், எந்தப் பருவத்தில் என்ற ஒழுங்கு அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை.

அதே ஆண்டில்தான் மலையேற்ற ஒழுங்குமுறை விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் 40 பாதைகளோடு தொடங்கியது. குரங்கணி - சாம்பலாறு அதில் ஒன்று. இப்போது உள்ளூர் இளைஞர்கள் வழிகாட்டிகளாக இருக்கிறார்கள். விதிகள் வந்தபோது மலையேற்றம் அழியவில்லை, அதில் ஊர்க்காரருக்கு வேலையும் கிடைத்தது.

நாய் விளையாட்டுக்கும் இதே வரிசையைத் தலைகீழாகப் போடலாம்: விபத்து நடக்கும் முன்பே விதி. உள்ளூர்க்காரரையே பயிற்சியாளராக்குவது. காப்புக்காட்டுக்கு வெளியே தெளிவான மைதானம். அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவதே குற்றம். வேட்டை நாயோடு நுழைந்தால் 'பயிற்சிக்குப் போனேன்' என்ற விளக்கம் எடுபடாது.

கிளப்ல சேர்வதற்கு முன்னாடி என்ன கேட்கணும்?

நீங்கள் சென்னையில் இருந்தாலும் சரி, சொந்த ஊர் போடிக்குத் திரும்பி வொர்க் ஃப்ரம் ஹோம் பார்த்தாலும் சரி, இந்த ஆறு கேள்விகள் போதும்:

1. முதல் வகுப்பில் உட்கார்ந்து பார்க்க அனுமதி உண்டா? கதவை மூடிக்கொண்டு பழக்கும் இடத்தைத் தவிர்க்கலாம்.

2. நாய் தப்புச் செய்தால் என்ன செய்வார்கள்? 'அடிதான்' என்றோ, முள் செயின், ஷாக் பெல்ட் என்றோ பதில் வந்தால் திரும்பிவிடுங்கள்.

3. தடுப்பூசி அட்டை கேட்கிறார்களா? கேட்காத இடத்தில் உங்கள் குட்டிக்குத்தான் ஆபத்து.

4. நீங்களும் கூட நிற்க வேண்டுமா? 'ஒரு மாசம் விட்டுட்டுப் போங்க, பழக்கித் தர்றோம்' என்றால், நாய் அவர்கள் பேச்சைக் கேட்கும். உங்கள் பேச்சை?

5. கடிக்கப் பழக்குவதை முதல் மாதமே விற்கிறார்களா? கீழ்ப்படிதல் உறுதியாகாத நாய்க்குக் கடிக்கும் பயிற்சி தருவது வீட்டில் வெடிகுண்டு வைப்பதற்குச் சமம்.

6. நாட்டு நாயைச் சேர்த்துக்கொள்வார்களா? 'அதெல்லாம் வேஸ்ட் சார்' என்று சொல்பவருக்கு நாயைப் பற்றித் தெரிந்தது குறைவு என்று அர்த்தம்.

இனி?

கோம்பையைக் காப்பாற்ற வேண்டும் என்று பேசும்போதெல்லாம் பேச்சு இனப்பெருக்க மையத்தில்தான் போய் நிற்கிறது. இன்னும் நூறு குட்டி பிறந்தால் இனம் பிழைத்துவிடும் என்று நினைக்கிறோம். பிறந்த நூறும் நூறு வாசலில் செயினில் கிடந்தால், அடுத்த தலைமுறைக்கு எந்த நாயின் குட்டியை எடுப்பது என்று எப்படித் தேர்ந்தெடுப்பது? நிறத்தைப் பார்த்துத்தான். பழைய வேட்டைக்காரர் தன் நாயின் தைரியத்தையும் புத்தியையும் காட்டில் சோதித்துப் பார்த்தார். இன்று அதைச் சோதிக்க ரத்தமில்லாத ஒரு மைதானம் வேண்டும்.

அதற்குப் பெரிய முதலீடு தேவையில்லை. கால்நடைத் துறை வெறிநோய்த் தடுப்பூசி முகாமை எப்படியும் நடத்துகிறது. அதே நாளில், அதே இடத்தில், ஒரு மணி நேரம் 'கூப்பிட்டால் வரும் நாய்' போட்டி வைத்தால் அதுவே தொடக்கம். பள்ளி மைதானம் போதும், பரிசாக ஒரு பெல்ட்டும் ஒரு கயிறும் போதும். தோட்டக் காவல்காரரின் கோம்பையும், பெங்களூருவிலிருந்து ஊருக்கு வந்தவரின் லாப்ரடாரும் ஒரே வரிசையில் நிற்கலாம்.

பெட்டிமுடியில் குவி ஆற்றோரம் போய் நின்றபோது யாரும் அதற்குக் கட்டளை கொடுக்கவில்லை. கூட விளையாடிய குழந்தையைத் தேடிப் போனது, அவ்வளவுதான். அப்படிப்பட்ட மூக்கும் மனசும் உள்ள நாய்கள் இந்த மலையடிவாரத்தில் வீட்டுக்கு வீடு படுத்திருக்கின்றன. அவற்றின் செயினை ஒரு மணி நேரமாவது, பாதுகாப்பாக, அவிழ்க்க ஒரு இடம் அமையுமா என்பதுதான் கோம்பைக்கு இப்போது இருக்கும் கேள்வி.